அரை டியூப் ரத்தம்

நைனா பிரபு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு வருஷத் திதி கொடுத்த அன்று, பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "எங்கம்மாவ எலி மாரி ஊசி போட்டுப் பாக்கக் குடுத்துட்ட நீ" என்று சொன்னாய். உன் அத்தை பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனாள். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன். மறுநாள் காலை அம்மாவுக்கு ஊசி போட்ட ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா பேசியபோது, என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "எங்கம்மா ரத்தம் எவ்ளோ வெச்சிகினு கீறீங்களோ அத்தனையும் சாக்கடைல ஊத்துங்க" என்றாய். அன்றைக்கே பூனா வண்டி ஏறிவிட்டாய்.

அடுத்த மாதம் வெல்டிங் வேலைக்குப் போலந்து போகிறாய் என்று அத்தைதான் சொன்னாள். போனால் எப்போது திரும்புவாயோ தெரியாது. எனக்குச் சர்க்கரை ஏறிக் கண் மங்கிவிட்டது, லாரி ஓட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. நீ பார்த்தது கடைசிப் பகுதி மட்டும். அதற்கு முன்னால் நடந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அவள் இருந்தவரை அதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. இப்போது அந்த வாக்கு நம் இரண்டு பேரையும் பிரித்து வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். நிதானமாகப் படி. கோபம் வந்தால் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் படி.

அம்மாவுக்கு இருமல் வந்தபோது நீ பூனாவில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எர்ணாவூரில் இருமல் ஒரு செய்தியே இல்லை. சுற்றிலும் இருக்கிற ஃபேக்டரிப் புகையில் ஜன்னல் கம்பியை விரலால் தொட்டால் கறுப்பாக ஒட்டும், காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் வேறு நிறமாக இருக்கும். போதாததற்கு அவள் வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் கம்பெனியில் தைத்த பீஸ் செக் பண்ணுகிறவள், நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் உட்கார்ந்திருப்பாள். எதனால் வந்தது என்று எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பீடி குடித்தவன் நான். எனக்கு வரவில்லை. ஒரு வெற்றிலைகூடப் போடாதவளுக்கு வந்தது.

முதலில் டிபி என்றார்கள். சளியில் கிருமி அகப்படவில்லை, ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்தால் அதுதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டாள். உனக்குப் போனில் "சளிப்பா, மாத்திரை துன்றேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன் படியில் ஒருநாள் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதுகில் ஊசி போட்டு நெஞ்சிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். ரத்தம் கலந்திருந்தது. அதைச் சோதித்த பிறகுதான் நுரையீரலில் புற்றுநோய், அதைச் சுற்றியிருக்கிற உறை வரைக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். இந்த நோயில் சிலருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படுமாம். அதற்கும் சோதித்துப் பார்த்தார்கள். அவளுக்கு அது பொருந்தவில்லை. கீமோ கொடுத்தார்கள். அதற்குப் பின்னால்தான் நகரத்துக்கு நடுவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்குத் தடுப்பூசி போட்டு ஆராய்ச்சி செய்கிறார்கள், போய்க் கேளுங்கள் என்று அனுப்பினார்கள்.

தடுப்பூசி என்றதும் நான் நம்பிவிட்டேன். போலியோ போன மாதிரி இதுவும் போய்விடும் என்று நினைத்தேன். அங்கிருந்த டாக்டரம்மா இளவயசுக்காரர், கண்ணாடி போட்டவர், நம் பேச்சைப் பொறுமையாகக் கேட்பவர். அவர்தான் என் நினைப்பை உடைத்தார். "பேருதான் தடுப்பூசி. நோய் வராம தடுக்கிறதுக்கு இல்ல இது. வந்துட்ட நோயை உங்க உடம்புக்கு அடையாளம் காட்டுறதுக்கு. அடையாளம் தெரிஞ்சதுக்கு அப்புறம் உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளணுதான் போய் அதைக் கொல்லணும். சிலருக்குத்தான் அது நடக்குது. யாருக்கு நடக்கும், யாருக்கு நடக்காதுன்னு ஊசி போடறதுக்கு முன்னாடியே ரத்தத்தைப் பாத்துச் சொல்ல முடியுமா, அதைத்தான் நாங்க தேடிட்டிருக்கோம்" என்றார். அம்மா உடனே கேட்டாள்: "தெரிஞ்சா எனக்குச் சொல்லுவீங்களா?" அதற்கு அவர் சொன்னார்: "இது இன்னும் ஊர்ஜிதம் ஆகாத விஷயம். இதை வெச்சு நாங்க யாரையும் சேர்க்கிறதும் இல்ல, வேணாம்னு அனுப்புறதும் இல்ல. ஆனா நீங்க கேட்டா மறைக்க மாட்டேன்."

அங்கேதான் ஷமீமாவைப் பார்த்தோம். வண்ணாரப்பேட்டையில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிற பாயின் மனைவி. அம்மாவைவிடச் சின்னவள், அதே நோய், கிட்டத்தட்ட அதே கட்டம். ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஷமீமா ஊசியைக் கண்டாலே பயப்படுகிறவள், உள்ளே கூப்பிட்டு ஊசியை எடுத்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கூடப் போன அம்மா அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா பாயம்மா, புள்ள பெத்த பொம்பள, இத்துக்குப் போயி பயந்துகினு" என்றாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முறை வருகிற மாதிரி பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நானும் பாயும் வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்போம். உள்ளே அவர்கள் இரண்டு பேரும் என்னதான் பேசுவார்களோ, நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குப் பேசுவார்கள்.

ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருநாள் டாக்டரம்மாவின் அறையில் அம்மா தானாகவே கேட்டாள். "என் ரத்தத்துல இன்னா தெர்து?" அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தது. அம்மா, "அவர இன்னாத்துக்குப் பாக்குறீங்க, கேக்குறது நான்" என்றாள். அவர் நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரில் போட்டுக்கொண்டு சொன்னார். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்கள் குறைவாக இருக்கின்றன, இருப்பதும் ரொம்ப நாளாகப் போராடிக் களைத்துப்போனவை. வீக்கத்தையும் காய்ச்சலையும் காட்டுகிற சில புரதங்கள் அதிகம். இப்படி ரத்தம் உள்ளவர்களுக்கு இதுவரை இந்த ஊசிக்கு நோய் பெரும்பாலும் கேட்கவில்லை. "பெரும்பாலும்னுதான் சொல்றேன். கேக்கவே கேக்காதுன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். அம்மா, "அந்தப் பாயம்மாவுக்கு?" என்றாள். அடுத்தவர் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் ஷமீமாவே அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவளுடைய ரத்தம் நன்றாக இருக்கிறதாம்.

நான் எழுந்துவிட்டேன். போகலாம் என்று அம்மாவின் தோளைத் தொட்டேன். நீ நினைக்கிற மாதிரி அவளை அங்கே பிடித்துத் தள்ளியவன் நான் இல்லை நைனா. வெளியே இழுத்தவன் நான். அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டரம்மாவிடம் இன்னொரு கேள்வி கேட்டாள்: "எனக்குக் கேக்கலன்னா, என் ரத்தம் உங்களுக்கு உபயோகமா கீதா, வேஸ்ட்டா?" அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊசி கேட்டவங்க ரத்தம் மட்டும் எங்ககிட்ட இருந்தா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதும்மா. கேக்காதவங்க ரத்தத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் எதுன்னு தெரியும். ஆனா அதுக்காக நீங்க இருக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். ஊசி போட்டா காய்ச்சல் வரும், உடம்பு வலி வரும். வீட்ல இருந்தா அது இல்ல. போறதா இருந்தா இன்னைக்கே போகலாம், வழக்கமான வைத்தியத்துல ஒரு குறையும் வைக்க மாட்டோம்." அவர் சொன்னது இவ்வளவுதான். கையெழுத்துப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மத்தியானம் விம்கோ நகரில் இறங்கியதும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள். எர்ணாவூர் கடற்கரையில் அலை அரிக்காமல் இருக்கக் கொட்டி வைத்திருக்கிற பாறாங்கல் மேல் உட்கார்ந்தோம். நல்ல வெயில். பின்னால் ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எனக்குக் கோபம். "கேக்காதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. அப்பால எதுக்குப் போயி குத்திக்கணும்? வூட்ல நிம்மதியா இரு" என்றேன். அவள், "வூட்ல இருந்தா மட்டும் நிம்மதியா? சுவத்தப் பாத்துகினு குந்தினு எப்ப எப்பன்னு இருக்கணும்" என்றாள். "அந்த டாக்டர் பொண்ணு பெரும்பாலும்னுதான்யா சொல்லுச்சு. நூறு பேர்ல நாலு பேருக்குக் கேட்டா அந்த நாலுல நான் ஒருத்தியா இருக்கக் கூடாதா?" என்றாள். அப்புறம், "கேக்கலேன்னாலும் போறேன். நாளைக்கு ஒருத்திகிட்ட, உனக்கு இத்து வேணாம்மா, வேற மருந்து பாருன்னு ஆரம்பத்துலயே சொல்றதுக்கு என் ரத்தம் ஆவட்டும். எனக்கு டிபி மாத்திரை துன்னே அத்தினி மாசம் போச்சு பாரு, அந்த மாரி இன்னொருத்திக்குப் போவ வேணாம்" என்றாள்.

உன் அம்மா தியாகி என்று நான் சொல்ல வரவில்லை. அவளைப் படத்தில் மாட்டிப் பூப்போடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளாதே. அவளுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது, ஷமீமாவோடு உட்கார்ந்து பேசுகிற சுகமும் இருந்தது. எல்லாம் சேர்ந்துதான் போனாள். ஆனால் போனது அவள் முடிவு. அங்கேயே, அந்தக் கல் மேல்தான் என்னிடம் சொன்னாள்: "பிரபுக்கு இந்த ரத்த விசயம் சொல்லாத. ஊசி போடறாங்க, சரியாப் பூடும்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு வந்து என் மூஞ்சியவே பாத்துகினு குந்துவான். அவன் பாத்தா நான் அழுதுடுவேன். அழுதா எனக்கு மூச்சு முட்டுது." நான் சரி என்றேன்.

அதற்கப்புறம் வந்த மாதங்களை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் கொஞ்சம் எழுதுகிறேன். ஊசி போட்ட அன்று ஒன்றும் இருக்காது. மறுநாள் உடம்பு தூக்கிப்போடும். இரண்டு கம்பளி போர்த்தி நான் மேலே படுத்து அழுத்திப் பிடித்தாலும் கட்டில் ஆடும். போட்ட இடம் முட்டை மாதிரி வீங்கிச் சிவந்து கொதிக்கும். வீக்கத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டாள். "உள்ள சண்டை நடக்குது பாருய்யா, அணு எல்லாம் முழிச்சிகிச்சு" என்றாள். டாக்டரம்மாவிடமும் காட்டினாள். அவர் வீக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று மெதுவாகச் சொன்னார். நீ ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது காய்ச்சல் மாத்திரை போட்டு, தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவாள். "நல்லாத்தான் கீறேன், நீ சாப்ட்டியா" என்பாள். நீ வைத்ததும் சரிந்து படுத்துக்கொள்வாள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் வந்தது. நோய் வளர்ந்திருந்தது, ஈரலிலும் புதிதாக இரண்டு இடம். ரத்தம் முன்கூட்டியே சொன்னது அப்படியே நடந்தது. டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிடலாம் என்றார். அதே வாரம் ஷமீமாவுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அவள் அம்மாவிடம் இன்னும் ரிசல்ட் வரவில்லை என்று பொய் சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவள், முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். அம்மா அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "சுருங்கிச்சா?" என்று கேட்டாள். ஷமீமா தலையை மட்டும் ஆட்டினாள். "பாதியாயிடுச்சாம் அக்கா." அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். என்னால் முடியவில்லை. அந்தப் பெண்ணை அந்த நிமிஷம் நான் வெறுத்தேன். பாய் என் கையைப் பிடிக்க வந்தார், டீ குடிக்கப் போகிறேன் என்று வெளியே போய் ரோட்டைத் தாண்டி நின்றுகொண்டேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேரில் எதற்கு இவள், எதற்கு அவள் என்று கேட்க யாரும் இல்லை. பதிலும் ரத்தத்தில்தான் இருக்கிறது, அதை இன்னும் யாரும் முழுசாகப் படிக்கவில்லை என்று டாக்டரம்மா பின்னால் ஒருநாள் சொன்னார். அன்று எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்றைக்கும் பெரிய ஆறுதல் இல்லை.

இனி நீ பார்த்தது. உன்னை நான்தான் வரச் சொன்னேன். ஆக்சிஜன் மெஷின் போட்டு முன் அறையில் கட்டிலில் கிடந்தாள். ஊசி நிறுத்தியவர்களிடம் கடைசியாக ஒரு தடவை ரத்தம் எடுப்பது வழக்கமாம். டாக்டரம்மா எனக்குப் போன் செய்து, "இந்த நிலைமையில வேணாம், விட்டுடலாம்" என்றுதான் சொன்னார். அம்மா பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி என்னிடம் போனை வாங்கி, மூச்சு விட்டு மூச்சு விட்டு, "ஆள அனுப்புங்க, நான் வர முடியாது, அவ்ளோதான்" என்றாள். அதனால்தான் ரத்தம் எடுக்கிற அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். கீமோவில் நரம்பெல்லாம் போயிருந்தது. ஒரு கையில் இரண்டு இடம் குத்திப் பார்த்தான், வரவில்லை. புறங்கையில் குத்தியபோது கொஞ்சமாக வர ஆரம்பித்தது. நீ அப்போது கடைக்குப் போய்விட்டு உள்ளே நுழைந்தாய். அவன் ஊசியோடு குனிந்திருப்பதையும் அம்மா கண்ணை இறுக்கி மூடியிருப்பதையும் பார்த்தாய். "சாவப்போற பொம்பளகிட்ட இன்னும் உறிஞ்சிகினு கீறீங்களாடா" என்று அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் பயந்துபோய் ஊசியை எடுத்துவிட்டு, பாதி நிரம்பிய டியூபைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினான். அம்மா உன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மாஸ்க்குக்குள் ஒன்றும் கேட்கவில்லை. நீ அவள் வலியில் பேசுகிறாள் என்று நினைத்து வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்து அழுதாய்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நீ வெளியே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். மாஸ்க்கை விலக்கி, "பாதிதான் எடுத்தான். பாதி போதுமான்னு கேளு" என்றாள். "கேளுய்யா" என்றாள் மறுபடி. அவள் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ரத்தம் போய்ச் சேர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அரை டியூப் போதும். எங்களுக்கு வேண்டியதை எடுத்தாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். உண்மையிலேயே போதுமானதாக இருந்ததா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று நான் அப்போது கேட்கவில்லை. அம்மாவின் காதில் போய்ச் சொன்னேன். "சரி" என்றாள். அதற்குப் பிறகு எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. உன் பெயரை மட்டும் இரண்டொரு தடவை சொன்னாள். அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

அவள் இறந்து கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், அன்றைக்கு என்னிடம் சொன்னது பொய்யா என்று. இல்லை என்றார். முதலில் எடுத்த ரத்தம், நடுவில் எடுத்தது, கடைசி அரை டியூப், மூன்றும் சேர்ந்து ஒரு ஆளின் கதையை முழுசாகச் சொல்கிற மாதிரி ஊசி கேட்காதவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேருடையதுதான் அவர்களிடம் இருக்கிறதாம். மற்றவர்கள் ஊசி நிறுத்தியதும் வராமல் போய்விடுகிறார்கள், அல்லது உயிரோடு இருப்பதில்லை. இதைச் சொல்லும்போது அவர் பெருமையாகச் சொல்லவில்லை. "உங்க மனைவிக்கு நாங்க ஒண்ணுமே செய்ய முடியலை" என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார். அது நிஜம். அவளுக்கு அந்த ஊசியால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. காய்ச்சல்தான் கிடைத்தது. அதை மறைத்து உன்னிடம் நான் பேச மாட்டேன்.

திதிக்கு மறுநாள் அவர் எதற்குப் போன் செய்தார் என்றால், அம்மா சம்மதம் கொடுத்தது அந்த ஒரு ஆராய்ச்சிக்கு மட்டும். மிச்சம் இருக்கிற ரத்தத்தை உறைய வைத்திருக்கிறார்கள். வேறு ஊரில் ஒரு ஆய்வுக்கூடத்தில், ஊசி கேட்டவர்களுக்கே கொஞ்ச காலம் கழித்து நோய் ஏன் திரும்பி வருகிறது என்று பார்க்கப்போகிறார்களாம். அதற்கு அனுப்ப வேண்டுமானால் அவள் இல்லாததால் குடும்பத்தைக் கேட்க வேண்டும். நானும் சொல்ல வேண்டும், நீயும் சொல்ல வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் தொட மாட்டார்கள். நீ சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு நிறுத்தி வைத்திருக்கிறார். ஆனால் ஊற்றிவிடவில்லை. பையன் துக்கத்தில் சொன்னதா, யோசித்துச் சொன்னதா என்று தெரிந்தால் போதும் என்று என்னிடம் சொன்னார்.

திதி அன்று வாசலில் ஒரு பாயம்மா பழப்பையோடு நின்றாள், கவனித்தாயா? அவள்தான் ஷமீமா. உள்ளே நீ கத்தியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் மறுவாரம் வண்ணாரப்பேட்டைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலோடு திரும்பிப் போனதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். அந்தப் பெண் உயிரோடு நடமாடுவதைப் பார்க்க முடியாமல் ஒரு வருஷம் அவர்கள் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தவன் நான். பாய் கதவைத் திறந்தார், உள்ளே போய்விட்டார். ஷமீமா மெலிந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். "திரும்பி வந்துடுச்சு அண்ணே. மூளைல. போன மாசம்தான் தெரிஞ்சுது." "நல்ல ரத்தம்னு சொன்னாங்களேம்மா" என்றேன். முட்டாள்தனமான பேச்சு, ஆனால் அதுதான் வாயில் வந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஒரு வருஷத்துல சின்னவளுக்கு நிக்காஹ் பண்ணிட்டேன், பெரியவ பெத்த பேரன் மூஞ்சியப் பாத்துட்டேன். அக்காவுக்கு அது கெடைக்கல, எனக்குக் கெடைச்சுது. எதனாலன்னு அவங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல" என்றாள். அப்புறம் அம்மாவின் ரத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். நீ சொன்னதைச் சொன்னேன். அவள் உன்மேல் கோபப்படவில்லை. "பிள்ளைக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

அப்பாவாக உனக்குப் புத்தி சொல்ல வேண்டுமானால் ஒன்றுதான் சொல்வேன். நீ போகிற ஊரில் உனக்கு என்ன உடம்புக்கு வந்தாலும், டாக்டர் சொல்ல வருவதை முழுக்கக் கேள். பிடிக்காததைச் சொன்னாலும் கேள். உனக்குப் பொண்டாட்டி வந்தால் அவளையும் கேட்க விடு, அவளுக்குப் பதிலாக நீ முடிவு செய்யாதே. அம்மாவை நான் வெளியே இழுத்தேன், நீ அந்தப் பையனை வெளியே தள்ளினாய். அவள் மேல் பாசம் இல்லாமல் நாம் அதைச் செய்யவில்லை. ஆனால் இரண்டு தடவையும் அவள் என்ன சொல்கிறாள் என்று நாம் கேட்கவில்லை. எனக்காவது அந்தக் கல் மேல் உட்கார்ந்து கேட்க நேரம் கிடைத்தது. உனக்கு நான் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை ஷமீமாவுக்குத் தலையில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க ஆரம்பிக்கிறார்கள். பாய்க்கு மூட்டு போய்விட்டது, படி ஏற முடியாது. பெண்கள் இரண்டு பேரும் வெளியூரில். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா அன்றைக்கு இருப்பார். நீ ஞாயிற்றுக்கிழமை பூனாவில் ஏறினால் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து, உன் முடிவு எதுவானாலும் அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல். ஊற்றச் சொல்வதானாலும் சொல், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். வர முடியாவிட்டால் எனக்குக் கோபம் இல்லை, போலந்தில் பத்திரமாக இரு, குளிருக்கு நல்ல சட்டை வாங்கிக்கொள். வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்தே சோறு வைக்கிறேன்.

அப்பா